வியாழக்கிழமைத் தண்ணீர்

"அந்த மேல் புள்ளிய ஒரு தட்டு தட்டு. செத்தவன் பேரு வரும் பாரு," என்றான் வெர்ன்.

அவன் மனைவி நோரீன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள். தண்ணீர் இலாகாவின் வரைபடம் திரையில் விரிந்திருந்தது. ஓடை நெடுக நீலப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு மடை. தட்டினால் யாருடையது, எந்த வருடத்து உரிமை, இன்னும் செல்லுமா என்று சொல்லிவிடும்.

ஆர்லோ ஸ்டாகர். உரிமை ஆண்டு 1882. செல்லும்.

"ஆளு மண்ணுக்குள்ள, உரிமை மட்டும் உயிரோட," என்றான் வெர்ன், இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. கொஞ்ச காலமாகவே அந்தக் கால் காலையில் எழுந்ததும் குடைச்சல் கொடுத்தது. "இந்தக் கோடை முடியட்டும். அதையும் சேத்துப் பொதைச்சிடலாம்."

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் முந்தி வந்தவனுக்கே முந்தித் தண்ணீர். வறட்சியில் பிந்தி வந்தவன் வாயில் மண்தான். ஆனால் ஐந்து வருடம் சேர்ந்தாற்போல் பாய்ச்சாமல் விட்டால் நிலத்தோடு வந்த எத்தனை பழைய உரிமையும் செத்துப்போகும். அந்தத் தண்ணீர் அடுத்த புள்ளியான வெர்னுக்கு வந்துவிடும். அவனுடைய உருளைக்கிழங்குச் செடிகள் தலை தொங்கி நின்றன. இந்த வெள்ளாமையும் போனால் நிலத்தை விற்றுவிட்டு யாரிடமாவது லாரி ஓட்டப் போக வேண்டியதுதான். பக்கத்து நிலத்து ஆர்லோ செத்து இந்தக் கோடையோடு ஐந்து வருடம். அவன் போனதும் மனைவி தெல்மா மகளோடு பாய்ஸி நகரத்துக்குப் போய்விட்டாள். பழம் நழுவிப் பாலில் விழப்போகிறது என்றிருந்தான் வெர்ன்.

"ஆமா, நாயக் கட்டில்ல ஏத்தாதேன்னு எத்தன தடவ சொல்றது? இன்னிக்கும் போர்வையெல்லாம் சேறு," என்றாள் நோரீன். "நான் மாத்திரை போட்டுட்டுப் பொணம் மாதிரி கெடக்கறவ. நீயாவது தொரத்தக் கூடாதா?"

"நானும்தான் தூங்கறேன். நீ அந்த வானத்துலேர்ந்து எடுத்த படத்தப் போடு. காஞ்ச நெலத்தக் காட்டினாப் போதும், கேஸு முடிஞ்சுது."

நோரீன் படத்தைப் போட்டாள். பள்ளத்தாக்கு முழுக்கக் காய்ந்த ரொட்டி நிறம். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆர்லோவின் குதிரைமசால் தீவன வயல் மட்டும் பச்சையாக இருந்தது. போன வருடப் படத்தைப் போட்டாள். பச்சை. அதற்கு முந்தைய வருடமும் பச்சை.

"யாரோ பாய்ச்சறாங்க, வெர்ன்."

"யாரு இருக்கா பாய்ச்ச?"

ஆர்லோவின் சாவுக்குப் பிறகு வெர்ன் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. அன்று மேடேறிப் போனான். வயல் ஈரமாக இருந்தது. மடையருகே சேற்றில் காலடிகள். வெறுங்கால். வலது பாதம் பளிச்சென்று பதிந்திருந்தது. இடது பாதம் இருக்க வேண்டிய இடத்தில் இழுத்துக்கொண்டு போன கோடு.

வெர்ன் இரண்டடி பின்வாங்கினான். டிராக்டருக்கடியில் மாட்டி நசுங்கிய இடது காலை ஆர்லோ அப்படித்தான் இழுத்து நடப்பான்.

வீட்டுக்கு வந்து தெல்மாவுக்கு ஃபோன் போட்டான்.

"நீங்க யாரையாவது அனுப்பறீங்களா?"

"நான் யாரை அனுப்பப் போறேன்? எனக்கே நடக்க ஆள் வேணும்," என்றாள் தெல்மா. "ஆனா ஆர்லோ ஆஸ்பத்திரில சொன்னாரு. 'என் வியாழக்கிழமைத் தண்ணி முறைக்கு ஆள் சொல்லியாச்சு, வார்த்தை குடுத்திருக்கான்'னு. யாருன்னு சொல்லல. எந்தப் புண்ணியவானோ, நல்லா இருக்கட்டும்."

வெர்ன் ஃபோனை வைத்துவிட்டான். அந்தப் புண்ணியவான் யாரென்று அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஆர்லோவின் சில்லென்றிருந்த கையைப் பிடித்துக்கொண்டு, "உன் முறைய நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா இரு," என்று சொன்னவன் அவன்தான். சாகக் கிடப்பவனிடம் வேறென்ன சொல்ல முடியும்? அடக்கம் முடிந்ததும் மறந்துபோனான். இப்போது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு விளைவிக்க முடியாதே.

"ஆர்லோவேதான் வரான்," என்றான் நோரீனிடம். "நீ வார்த்தை தவறினா நானே பாய்ச்சிக்கறேன்னு வரான்."

"வெறுங்காலோடயா?"

"அவன் பூட்ஸத்தான் தெல்மா தானம் குடுத்துட்டாளே."

நோரீன் சிரிக்கவில்லை. "அப்ப அந்தத் தண்ணிய விட்டுடு, வெர்ன். நமக்கு வேண்டாம்."

"செத்தவன் பாய்ச்சினா சட்டத்துல கணக்குல வராது. எனக்கு ஒரு படம் போதும்."

மான் வேட்டைக்கு மரத்தில் கட்டும் கேமராவை வியாழன் மதியமே ஆர்லோவின் மடைக்கு எதிரே கட்டினான். ராத்திரி வீட்டுக் கதவை இரட்டைத் தாழ் போட்டுக்கொண்டு படுத்தான்.

காலையில் முழங்கால் வலியில் உயிர் போயிற்று. நொண்டிக்கொண்டே போய்க் கேமராவை எடுத்துவந்தான். நோரீன் அதை மடிக்கணினியில் சொருகினாள்.

முதல் படத்தில் வெறும் வாய்க்கால். அடுத்ததில் ஒரு முயல். அதற்கடுத்த படத்தில் அவள் கை நின்றுவிட்டது. மேசைக்கடியில் குனிந்து வெர்னின் பாதங்களைப் பார்த்தாள்.

"என்ன பாக்கறே? படத்துல யாரு, ஆர்லோவா?"

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். கோடு போட்ட இரவு உடையில், வெறுங்காலோடு, இடது காலை இழுத்துக்கொண்டு, கண் இரண்டையும் மூடியபடி ஆர்லோவின் மடையைத் திறந்துகொண்டிருந்தான் வெர்ன்.