கூடத் தொடங்கிய தூரம்

கடலுக்கு அக்கரையில் அக்கா சாகக் கிடந்தாள். அவளைப் பார்க்கத்தான் செண்பகவல்லி விமானம் ஏறியிருந்தாள். போய்ச் சேரவேண்டிய ஊரின் தூரம் முன்னிருந்த திரையில் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் பாதிக் கடல்கூடத் தாண்டவில்லை. அதுவரை அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்த பக்கத்து இருக்கை எதிராஜ், திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. பணிப்பெண்ணைக் கூப்பிட மணியை நோக்கிப் போன அவள் கையை எட்டிப் பிடித்தார்.

“வேணாம்மா. பிளைட்ட திருப்பிடுவாங்க. நீ அக்காவப் பாக்க வேணாமா?”

கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அவருடைய விரல்களை விலக்கிவிட்டு மணியை அழுத்தினாள்.

அவரைப் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். விமானம் மெல்லச் சாய்ந்து திரும்பியது. கீழே கடல் வெயிலில் அசையாமல் கிடந்தது. திரையில் தூரம் கூடத் தொடங்கியது.

“அக்காவுக்கு என்னம்மா சொல்லுவே?” முகமூடிக்குள்ளிருந்து மெல்லக் கேட்டார்.

“தெரியலண்ணே. நீங்க மொதல்ல மூச்ச நல்லா இழுத்து விடுங்க.”

அவர் இழுத்தார். அவர் கையைப் பிடித்தபடி அவளும் கூடவே இழுத்து விட்டாள்.