பதினைந்தாம் மாடிக்கு வராத புகை

"இஞ்சருங்கோ, கீழ் வீட்டு அண்ணையின்ர புகை இண்டைக்கும் வரேல்லை."

பல்கனிக் கம்பியில் இடுப்பு மடிய எட்டிப் பார்த்துக்கொண்டே எமில்டா சொன்னாள். உள்ளே சோபாவில் பாதித் தூக்கத்தில் கிடந்த அவளுடைய கணவன் கஸ்பருக்கு அது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல் கேட்டது.

கஸ்பருக்கு ரொட்டி சுடும் பாண் பக்டரியில் இரவு வேலை. காலையில் வந்து சோபாவில் சரிந்தால் கண் தானாகச் சொருகும். ஏழு மணிக்குப் பதினாலாம் மாடியிலிருந்து சிகரெட் புகை மெல்ல மேலேறி, இவர்களின் பதினைந்தாம் மாடிக் கம்பியைத் தடவிக்கொண்டு போகும். அதற்குப் பின்னால் ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் குடியிருப்புக் கட்டடங்கள் அத்தனையும் மிதக்கும். ஊரில், இலங்கையில், சண்டை முடிந்து ஒரு வருடமாகிறது. கட்டடத்தில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அந்தப் புகையைப் பார்த்தபடி தூங்கிப்போவது கஸ்பருக்குச் சுகமாகத்தான் இருந்தது, போன வாரம் வரை.

போன வாரம்தான் கீழ் வீட்டு இராசரத்தினத்துக்கு டொக்டர் சிகரெட்டை விடச் சொன்னார். மனுசன் அச்சு அசல் சிகரெட் மாதிரியே ஒரு மின் சிகரெட் வாங்கிக்கொண்டார். உறிஞ்சினால் நுனியில் நீல வெளிச்சம் மினுங்கும். ஆவி ஒரு முழம்கூட எழும்பாது. எவ்வளவு எட்டினாலும் கீழ்ப் பல்கனிக்குள் நிற்கிறவரைத் தெரியாது. அன்றிலிருந்து எமில்டாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"புகை வராட்டி நல்லதுதானே? வேற ஆக்கள் எண்டால் மணக்குதெண்டு கொம்ப்ளெயின் பண்ணுவினம்" என்றான் கஸ்பர்.

"உது உங்களுக்கு விளங்காது. எழும்புங்கோ, கடைக்குப் போவம்."

"என்னத்துக்கு?"

"அவருக்குப் பெருசா ஒண்டு வாங்கிக் குடுக்க."

கஸ்பரின் தூக்கம் பறந்துவிட்டது. "என்ர பிறந்தநாளுக்கு ரெண்டு சோடி சொக்ஸ் தந்தனீர். அந்தாளுக்குப் புகை விடுற மெசினோ?"

அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

மூலைக் கடை வெங்கட் சென்னைக்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடி அலுமாரியைத் திறந்தார்.

"அக்கா, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கான ஸ்டார்ட்டர்ல அவ்வளவுதான் வரும், பேட்டரி சின்னது. இதைப் பாருங்க. பெரிய பேட்டரி. பட்டனை அமுக்கிட்டு இழுத்தா மேகம் மாதிரி வரும்."

"எவ்வளவு உயரத்துக்குப் போகும்?"

வெங்கட் விழித்தார். "உயரமா? எல்லாரும் என்ன ஃபிளேவர்னுதான் கேப்பாங்க."

"ஒரு மாடி ஏறுமோ?"

"காத்து இல்லன்னா ஏறும்க்கா."

கஸ்பருக்கு மானம் போனது. தான் இரவெல்லாம் பாண் அடுக்கிக்கொண்டிருக்க, இவள் பல்கனியில் நின்று யாருடைய மூச்சுக்குக் காத்திருக்கிறாள்? நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. ஒன்பது வருடக் கல்யாணம். எமில்டாவும் போய்விட்டால் இந்த ரொறொன்ரோவில் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று பயமாகவும் இருந்தது.

"தாரும், நானே குடுக்கிறன்" என்று எமில்டா காசு கொடுத்து வாங்கிய பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, பதினாலாம் மாடிக் கதவைத் தட்டினான்.

இராசரத்தினத்துக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மழமழவென்று சவரம் செய்த முகம். அது வேறு கஸ்பருக்குப் பிடிக்கவில்லை.

"எமில்டாவோ தந்தவ?" பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓம். உங்கட புகை மேல வருதில்லையாம்."

இராசரத்தினம் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எனக்கு அது யோசனையில வரேல்லைத் தம்பி. அவவிட்டைச் சொல்லுங்கோ, நாளைக்கு ஏழு மணிக்கு வெளியில நிப்பன் எண்டு."

அடப்பாவி, நேரமும் குறித்தாயிற்று!

மறுநாள் கஸ்பர் தூங்கவில்லை. சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு பாசாங்கு செய்தான். ஏழு மணிக்கு எமில்டா பல்கனிக்குப் போனாள். காற்றே இல்லாத காலை. கீழிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு மேகம் எழுந்து, கம்பிகளுக்குள் புகுந்து, அவள் முகத்தை மூடியது. எதிர்க் கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. பழச் சாறு போல ஒரு மெல்லிய வாசனை வீட்டுக்குள் வந்தது. தூங்கித்தான் போய்விட்டோமோ என்று கஸ்பர் கண்ணைக் கசக்கினான். மேகம் கலைந்தபோது, எமில்டா சிலுவை போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அவனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போனான்.

"உண்மையைச் சொல்லும் எமில்டா. நீர் அந்தாளை விரும்புறீரோ?"

அவள் கோபப்படவில்லை. அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து கதவைச் சாத்தினாள்.

"ஆருக்கும் சொல்லுறேல்லை எண்டுதான் இருந்தனான். போன வருசம், எல்லாம் முடிஞ்சுதெண்டு ரேடியோவில சொன்ன கிழமை, ஒருநாள் நீங்கள் வேலையால வர முந்தி, எட்டிப் பாத்தால் அவர் தன்ர பல்கனிக் கம்பிக்கு மேல ஏறி நிக்கிறார். ஊரில இருந்த மனிசி, ரெண்டு பிள்ளையள், ஒருத்தரும் மிஞ்சேல்லையாம். கத்தினால் விழுந்திடுவார் எண்டு பயம். 'அண்ணை, ஒரு சிகரெட் இருக்கோ?' எண்டு கேட்டன், வாயில வந்தது அதுதான். எடுத்துத் தர இறங்கினார். அந்த நாளில இருந்து விடியப் புகை வந்தால்தான் அந்த மனிசன் இன்னும் இருக்கிறார் எண்டு எனக்குத் தெரியும்."