ராபின் ஊதிய பலூன்

கிறிஸ்துமஸுக்கு நூல் விளக்கு செய்யலாமென்று பலூனை ஊதி மனைவி ஆஷாவிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போன ராபின், வழியிலேயே லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். நாற்பது நாளாகியும் பலூன் இளைக்கவில்லை. நல்ல ரப்பராக இருக்கலாம்.

ஆஷா வாங்கி வைத்திருந்த நூலைப் பசையில் தோய்த்து அதன்மேல் சுற்றினாள். வெளிச்சம் வர இடைவெளி விட வேண்டும். அவளோ பனியன் கம்பெனியில் செக்கிங். ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. துளி இடமில்லாமல் மூடிவிட்டாள்.

காய்ந்ததும் பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் ஊசியோடு வந்தார்.

"பலூன ஒடச்சுத்தான் கண்ணு பல்பு மாட்டோணும்."

"வேண்டாம்க்கா. உள்ள இருக்கது அவுக மூச்சுல்லா."

"காத்து கண்ணு அது. எத்தன நாளைக்குக் கட்டி வெச்சிருப்பே?"

குத்திவிட்டார். வெடிக்கவில்லை. ஊசித் துளை வழியே காற்று மெல்ல வந்தது, நின்றது, பிறகு உள்ளே போனது. மறுபடி வந்தது. கால் மணி நேரம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருப்பதும் போய்விடுமோ என்று பயந்து ஆஷா துளையைக் கட்டைவிரலால் அடைத்தாள். நூலுருண்டை அவள் மடியில் திணறித் துள்ளியது. சட்டென்று விரலை எடுத்துவிட்டாள்.

பழனியம்மாள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைத்தார்.