கந்தக ராணி

"வாசல்லயே நில்லு! அழுகின முட்டை நாத்தம் குடலைப் பிடுங்குது!"

"கால் வலிக்குதுங்க, முதல்ல உள்ள வர—"

"குளிச்சிட்டு வா, கந்தக ராணி!"

"மூளைக்கு மருந்து தேடறவளுக்கு வீட்ல இந்த மரியாதைதான்!"

கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற சண்டை இது. கந்தகச் சேர்மங்கள் மறதி நோயிலிருந்து மூளையைக் காக்குமா என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஆய்வுக்கூடத்து நெடி துணியில் ஏறி வீடுவரை கூடவே வரும்.

மாமனார், பெற்ற மகனையே "யாருப்பா நீ?" என்று கேட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தவர். "உங்கப்பாவுக்கு முதல்ல போனது மூக்கு. சில பேருக்கு அதுதாங்க முதல் அறிகுறி" என்று கணவரிடம் அவள்தான் சொல்லியிருந்தாள்.

"மரம் மாதிரி நிக்கிறியே, போய்க் குளியேன்!" கூடத்து நாற்காலியில் சாய்ந்து, மூக்கைப் பொத்தியபடி அவர் சிரித்தார்.

அவள் நகரவில்லை. முந்தாநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியபோது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இன்று அவள் ஆய்வுக்கூடத்துக்கே போகவில்லை. பகல் முழுக்க அக்கா வீட்டில் இருந்தாள். அங்கேயே சோப்புப் போட்டுக் குளித்து, அக்காவின் துணியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கந்தக மருந்து சிந்திய அவளுடைய கோட்டு, காலையில் அவளே மாட்டிவிட்டுப் போனபடி, அவர் சாய்ந்திருந்த நாற்காலியின் முதுகில் தொங்கியது. அதன் நாற்றம் வாசல்வரை வந்தது.

அவள் மெல்ல உள்ளே போய், மூக்கைப் பொத்தியிருந்த அவர் கையை விலக்கினாள்.

"எப்போலேருந்துங்க உங்களுக்கு வாசனை தெரியல?"