சொட்டச் சொட்ட ஒரு வாரண்டி

"வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல. இன்ஜின் போச்சுன்னா நீங்கதானே மாத்திக் கொடுக்கணும்? அப்புறம் எதுக்கு வாரண்டி?" சர்வீஸ் சென்டரே அதிரும்படி கத்தினார் கார்க்காரர்.

"தண்ணிக்குள்ள ஓட்டிக் கெடுத்த இன்ஜினுக்கு வாரண்டி கிடையாது சார்" என்றார் அதிகாரியம்மா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"தண்ணியா? நான் அந்தப் பக்கமே போகலையே!"

பக்கத்தில் நின்ற மெக்கானிக், காரிலிருந்து கழற்றிய ஏர் ஃபில்டரைப் பிழிந்து காட்டினார். சேற்றுத் தண்ணீர் சொட்டியது.

"அது... வண்டி கழுவும்போது போயிருக்கும்."

"கழுவுற தண்ணி அவ்வளவு தூரம் போகாது சார். தண்ணிக்குள்ள நின்னுபோன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணியிருக்கீங்க."

"கூடவே உக்காந்து பார்த்த மாதிரியில்ல பேசுறீங்க!"

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போனார். உடனே கார்க்காரரின் குரல் இறங்கியது.

"ஒரே ஒரு கையெழுத்து. போட்டா குடியா முழுகிடும்?"

அதிகாரியம்மா பேனாவை மூடி வைத்தார்.

"சுரங்கப்பாதையில தண்ணி நிக்குது, சுத்திப் போகலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா? 'எனக்கே வண்டி ஓட்டச் சொல்லித் தர்றியா'ன்னு உள்ள விட்டீங்க. கடைசியில முழங்கால் தண்ணியில இறங்கித் தள்ளினது யாரு? கட்டின பெண்டாட்டி நான்தானே! என் செருப்பே இன்னும் காயல, இதுல பொய்க் கையெழுத்து வேறயா? போய் வெளியில உக்காருங்க. வேலை முடிஞ்சதும் ரெண்டு பேரும் பஸ்ல போகலாம்."