மூக்கில்லாத பலகை

நகர்மன்றக் கூட்டத்தில் யார் வாயைத் திறந்தாலும், அது எந்த வகை வாதம் என்று சுவரிலிருக்கும் பலகை உடனே எழுதிக் காட்டிவிடும். மீன்காரி செசிலிக்கு அதைக் கண்டாலே ஆகாது. போன கூட்டத்திலும் அவள் பேச்சை அது சபையில் எடுபடாமல் செய்துவிட்டது.

"போக்குவரத்து நிதி முழுக்கப் பறக்கும் ரயிலுக்குத்தான். ஊரே அதைத்தான் கேக்குது!" என்றார் தலைவர் பூபாலன்.

‘கும்பலைக் காட்டும் வாதம்’ என்றது பலகை. அவர் அசரவில்லை.

செசிலி எழுந்தாள். "கடற்கரைக்கு ஒரு பஸ்ஸாவது விடுங்கய்யா. நடந்து வர்றதுக்குள்ள மீனெல்லாம் கெட்டுப்போவுது."

‘உருக்கம். சான்று இல்லை.’

"சான்றுதான வேணும்?" விடியற்காலையில் கடற்கரையில் மீன் வாங்கி, ஏழு கிலோமீட்டர் வெயிலில் சுமந்து வந்த கூடையைத் தலைவரின் மேசைமேல் வைத்துத் திறந்தாள். பலகைக்குக் கண்ணும் காதும் உண்டு, மூக்கு கிடையாது. அது சும்மா இருந்தது.

தலைவரால் இருக்க முடியவில்லை. "ஐயோ, நாறுதும்மா! எல்லாம் அழுகிப் போச்சு, எடும்மா!"

பலகை பச்சையாய் ஒளிர்ந்தது: ‘எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்ட சான்று.’

கூடமே சிரித்தது. செசிலி கூடையை மூடவில்லை.

மூக்கைப் பொத்தியபடியே தலைவர் கேட்டார், "எத்தனை மணிக்கும்மா பஸ் வேணும்?"