வாசலுக்குப் போகாத புடவை

ஒரு பட்டுப்புடவைக் கடையின் கூரைக் கம்பியில் புதிதாக ஒரு டிராக் லைட் வந்து சேர்ந்தது. கம்பியில் பொருந்துகிறதா, பளிச்சென்று எரிகிறதா என்று மட்டும் பார்த்து முதலாளி அதை வாங்கியிருந்தார். வந்ததும் வராததுமாக அது பக்கத்து விளக்கைப் பார்த்து, "என்னண்ணே, இவ்வளவு மங்கலா எரியுறீங்க?" என்று சிரித்தது.

"மங்கல்தான் தம்பி. ஆனா என் கீழே நீலம் நீலமாத் தெரியும், கறுப்பு கறுப்பாத் தெரியும். உன் கீழே எப்படித் தெரியுதுன்னு பாத்தியா?" என்றது பழைய விளக்கு.

பொறாமை என்று நினைத்துக்கொண்டது புது விளக்கு.

ஆனால் அதன் கீழே புடவையைப் பிரித்த பெண்கள் எல்லாரும் நிறம் பார்க்க வாசல் வெயிலுக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

ஒரு நாள் செண்பகவல்லி என்ற அம்மா, மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கருநீலப் பட்டு கேட்டு வந்தாள். "இத்தனை வெளிச்சம் இருக்கையில வெயில் எதுக்கு?" என்று புது விளக்கின் கீழேயே நின்று ஒன்றை எடுத்துக்கொண்டாள். விளக்குக்குத் தலைகால் புரியவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் அதே புடவையோடு வந்து நின்றாள்.

"தட்டுல வச்சுப் பிரிச்சா கறுப்புங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி..." புடவையை மேசைமேல் விரித்தாள்.

பழைய விளக்கின் கீழே அது கறுப்பாகவே தெரிந்தது.

வந்த இத்தனை பேரில் தன்னை நம்பியவள் அவள் ஒருத்திதான் என்று நினைத்து நினைத்துக் குமைந்தது புது விளக்கு, முன்னைப் போலவே பளிச்சென்று எரிந்தபடி.